நாலில் ஒரு பங்கு

காப்பி நன்றாக இருக்கிறது. போலீஸ் நிலையத்தில் இப்படிக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன், மேடம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பெயர் ஹோல்கர், வயது அறுபத்தாறு, பிறந்து வளர்ந்தது டென்மார்க்கின் இதே ஸ்வென்போர்க் ஊரில். பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கமன் ஆட்டத்தை அலசிச் சொல்லும் ஒரு மென்பொருளை இருபது வருடமாகப் பராமரிக்கிறேன். ஆடி முடித்தவர்கள் தங்கள் ஆட்டத்தை அதில் போட்டுப் பார்ப்பார்கள். தப்பான முடிவுக்குச் சிவப்புக் குறி விழும். எனக்கு வருகிற புகாரில் முக்கால்வாசி இரட்டிப்புக் கட்டையைப் பற்றித்தான். 'உன் மெஷினுக்கு மூளை கழண்டுபோச்சா' என்று எழுதுவார்கள். நான் பார்த்து விளக்கம் சொன்னதும் அடங்கிவிடுவார்கள்.

கட்டையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஆட்டத்தில் கை ஓங்கியவன் அந்தக் கட்டையை எதிராளி பக்கம் தள்ளுவான். அந்த ஆட்டத்தின் புள்ளி இரட்டிப்பாகும். எதிராளி அதை எடுத்துக்கொண்டு ஆட வேண்டும், இல்லாவிட்டால் அப்போதே தோற்றதாக ஒப்புக்கொண்டு எழுந்துவிட வேண்டும். ஜெயிப்பதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால் பொதுவாக எடுத்துவிடலாம். இதைக் கணிப்பதில் ப்ரேபனை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது.

ப்ரேபன் ஃபெர்ரி கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவன். படகுக் கிளப்பின் ஜன்னலோர மேஜையில், வியாழக்கிழமை தவறாமல், நாற்பத்தோரு வருடம் நாங்கள் ஆடினோம். கட்டையைத் தள்ளிவிட்டுச் சிரிப்பான். "என்னடா ஹோல்கர், எடுக்கறியா, ஓடறியா?" நான் பெரும்பாலும் ஓடினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு மனைவி மக்கள் இல்லை, வேலையும் வீட்டிலேயே. வாரத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவன்தான்.

போன வருடம் ஏப்ரலில், ஹெர்ரிங் மீனை ரொட்டியில் வைத்துக்கொண்டே சொன்னான். "வீட்ட விக்கறோம்டா. கிர்ஸ்டனுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கல. போர்ச்சுகல்ல மக வீட்டுப் பக்கத்துலயே ஒண்ணு பாத்தாச்சு." கிர்ஸ்டன் அவன் மனைவி. "நீயும் வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போ. வெயில்னா வெயில், அப்படி ஒரு வெயில்."

ஒரு வாரம் என்றான். நான் வாழ்த்துச் சொன்னேன்.

மே மாதம் மென்பொருளில் உண்மையாகவே ஒரு கோளாறு வந்தது. பல ஆட்டங்கள் சேர்ந்த போட்டியில், யார் எத்தனை புள்ளியில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கட்டை முடிவு மாறும். நிரலில் புதிதாகச் சேர்த்த ஒரு வரி அந்தப் புள்ளியைப் பார்க்காமலே விட்டுவிட்டது. சரியான முடிவுக்கெல்லாம் சிவப்பு விழுந்தது. பதிமூன்று பேர் என்னைத் திட்டி எழுதினார்கள். ப்ரேபன் எழுதவில்லை, நேரே வீட்டுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"கட்டை முடிவெல்லாம் தப்பாப் போகுதுடா. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவளுக்கும் அப்ப அறுபத்தேழுதான்." அவன் அம்மா மகன் பெயரையே மறந்து ஏழு வருடம் படுக்கையில் கிடந்தவள். "வீடு விக்கறத நிறுத்தி வச்சிருக்கேன். கிர்ஸ்டன்கிட்ட மூச்சு விட்டுடாத."

மறுநாளே கோளாறைக் கண்டுபிடித்தேன். எல்லோருக்கும் சரிசெய்து அனுப்பினேன், ப்ரேபனின் கணினிக்கு மட்டும் அனுப்பவில்லை. இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் எதையும் செய்யவில்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான்.

ஜூனில் அவனே கேட்டான். "ஒருவேளை மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்குமோடா?" கேட்டபோது அவன் குரலில் எவ்வளவு ஆசை இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்தேன். "மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். அவன் தோளில் கொஞ்ச நேரம் கை வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் நான்தான். மூளைக்கு ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். திரும்பி வரும்போது காரில் ப்ரேபன் சிரித்தான். "இன்னைக்கு என்ன கிழமைன்னு கேக்கறாருடா அந்த ஆளு. அது யாருக்குத்தான் தெரியாது? மெஷின்தான்டா உள்ள போய்ப் பாக்குது."

எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். டாக்டரோடும் பாதிரியாரோடும் கடைசி வரை மல்லுக்கு நிற்பார்கள். மென்பொருள் சரிதான் என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வந்தான். நான் சூப் வைத்துக் கொடுப்பேன். கட்டையை என் பக்கம் தள்ளுவதற்கு முன்னால் என்னையே கேட்பான், "இப்பத் தள்ளலாமாடா?" என்று. அந்தக் கோடை எனக்கு நன்றாகவே கழிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அக்டோபரில் அவன் போட்டியை விட்டுவிட்டுத் தனித்தனி ஆட்டமாக ஆட ஆரம்பித்தான். அதில் புள்ளி நிலவரம் கிடையாது, ஆகவே கோளாறும் தலைகாட்டாது. சிவப்பு மறைந்துவிட்டது. "தேறிட்டேன்டா, ஹோல்கர்!" என்று கிளப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். வீட்டைப் பார்க்க மறுபடியும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அவன் கணினிக்கென்று ஒரு வரி எழுதினேன். அவன் எடுக்கும் சரியான கட்டை முடிவுகளில் மூன்றில் ஒன்றுக்குச் சிவப்பு விழும். எது என்பதற்குக் காரணம் எதுவும் கிடையாது, ஆகவே கண்டுபிடிக்கவும் முடியாது. பத்து நிமிட வேலை.

டிசம்பரில் கிர்ஸ்டனிடம் எல்லாவற்றையும் சொல்லி, இனி ஓட்டப்போவதில்லை என்று கார் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டான். அவள் என் சமையலறையில் நின்று அழுதாள். "நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம், ஹோல்கர்?" எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை ப்ரேபன் தன் படகில் தனியாகப் போனான். படகு மட்டும்தான் திரும்பக் கிடைத்தது. மேஜை மேல் கிர்ஸ்டனுக்கு ஒரு சீட்டு இருந்தது. 'உன் பெயர் ஞாபகம் இருக்கும்போதே போய்விடுகிறேன்.' அவன் நினைவாக இருக்கட்டும் என்று அவன் ஆட்டங்களையெல்லாம் அவள் கிளப்புக்குக் கொடுத்தாள். அவர்கள் தங்கள் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். அவன் கணினியில் நூற்றுக்கணக்கில் விழுந்த சிவப்பை அங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அவனைக் கொன்றாயா என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் தப்பில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு முடிவுகளுக்குப் பொய்யாகச் சிவப்பு விழுந்தது. எண்ணிவிட்டேன், அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அன்று காலை அவன் இருந்த நிலைமையைக் கணித்துப் பாருங்கள். தெளிவான மூளை, நல்ல மனைவி, மகள், வெயிலில் ஒரு வீடு. நாலில் ஒரு பங்கென்ன, நாலு பங்கும் அவன் கையில் இருந்தது. ஆடத் தெரியாதவன்கூட எடுத்திருப்பான். ப்ரேபன் எழுந்து போய்விட்டான். அவன் உண்மையிலேயே செய்த தப்பு அது ஒன்றுதான், மேடம். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால், எடுடா என்று சொல்லியிருப்பேன்.