தொட்டிக்குள்ள மெத்தை

...கனமான்னா கேக்குறீங்க? ஐயோ, அத ஏன் கேக்குறீங்க போங்க! நீங்கதானே மாடிக்குப் புதுசா வந்தவங்க? வாங்க, வாங்க. வாளிய ஓரமா வெச்சுட்டு மெத்தையோட இந்த மூலையப் பிடிங்க. பேசிக்கிட்டே இழுப்போம்.

பாருங்க, தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் என்னா சமத்து! ஒத்தக் கையால திருப்புனா திரும்புது. சோப்பு போட்டு அலசுனேன், ஒரு முணுமுணுப்பு இல்ல. உங்க வீட்டுச் சாமான் இறக்குனாங்களே ரெண்டு பேரு, பாவம், "அக்கா, தூக்கிக் குடுக்கவா?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன்? "இதுக்குப் போயி ரெண்டு ஆம்பளையா?"ன்னு ஒரு சிரிப்பு வேற. அவங்களும் போயிட்டாங்க. அப்புறம் விளிம்புக்கு மேல ஒரு சாண் தூக்குறேன்... யம்மா! இடுப்பே கழண்டு போச்சு!

என் கொழுந்தன் அறிவியல் வாத்தியாரு. போன் பண்ணுனா பாடம் நடத்துறாரு. பஞ்சு குடிச்ச தண்ணி, உள்ள இருக்கிற வரைக்கும் கனமே காட்டாதாம். சுத்தி இருக்கிற தண்ணியே தாங்கிக்குமாம். விளிம்பு தாண்டுனதும் கைவிட்டுடுமாம். "இவ்வளவு தெரியுதுல்ல, வந்து தூக்குங்க"ன்னேன். வகுப்பு இருக்காம்! எங்க வீட்டுக்காரருக்கோ சட்டை நனைஞ்சிடுமாம், ஆபீசுக்குக் கெளம்பிட்டாரு. கைவிடுறதுல தண்ணிக்கு அண்ணன் தம்பிங்க இவங்க.

சாயங்காலம் மாமியார் வந்துடுவாங்க. அவங்க மெத்தைங்க இது! "நனைச்சிடாத, வெயில்ல போட்டுத் தட்டு"ன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போனாங்க. நாத்தனார் புள்ள லீவு முழுக்க அதுலதான் ஒண்ணுக்குப் போயிருக்கான். தட்டுனா போற நாத்தமா அது? எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. இவ்வளவு பெரிய மெத்தைக்கு வாளி எந்த மூலைக்கு? அதான் தொட்டி மூடியத் தொறந்து...

இழுங்க, இழுங்க! ஏன் நின்னுட்டீங்க? எந்தத் தொட்டியா? நம்ம கட்டடத்துக்கே இருக்கிறது இது ஒண்ணுதாங்க. ஓ... குழாயில நுரையா வருதுன்னு கேக்கத்தான் வந்தீங்களா? அட, மொகம் ஏன் இப்படிப் போகுது? காலையில காப்பி போட்டீங்களா?

ஏங்க... ஏங்க! வாயப் பொத்திக்கிட்டு எங்க ஓடுறீங்க? அந்த மூலைய மட்டுமாச்சும்... போச்சு! தொபுக்கடீர்னு மறுபடியும் உள்ள போயிடுச்சு!

ம்ம். இப்பப் பாரு, எவ்வளவு லேசு.