கல்யாணராமன் சார் பார்க்காமல் போன இரண்டாவது படம்

மேடையில் இருக்கும் விஞ்ஞானிகளே, டெல்லி கரோல் பாக் சொந்தங்களே, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் சாரின் மனைவி விசாலாக்ஷி மாமி அவர்களே, எல்லாருக்கும் வேலம்மாளின் வணக்கம். பதினெட்டு வருஷம் சார் வீட்டில் துடைப்பம் பிடித்தவள் நான். பேசச் சொன்னது மாமி. அழாமல் பேசு என்றார்கள். அது மட்டும் நம்மால் ஆகாது, மாமி.

பேராசிரியர் கல்யாணராமன் என்ன வேலை பார்த்தார்? தூசியைப் பார்த்தார்! புதுசாய்ப் பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டு மாதிரி தூசி சுற்றுமாம். அது ஒன்றோடொன்று ஒட்டி, மணலாகி, கல்லாகி, மலையாகி, கடைசியில் ஒரு பூமியே ஆகிவிடுமாம். நான் விடுவேனா? "சார், உங்க பீரோவுக்கு அடியில நாலு பூமி ரெடியா இருக்கு" என்றேன். மனுஷர் நிஜமாகவே தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்! "அச்சா! எப்படி உருண்டிருக்கு பாரு. ஒரு மாசம் இங்க பெருக்காதே, வேலம்மா."

தீபாவளிக்கு மறந்துபோய்ப் பெருக்கிவிட்டேன். திட்டு விழும் என்று நின்றேன். சிரித்தார். "நட்சத்திரமும் உன்னை மாதிரிதான். கொஞ்ச காலத்துல தூசியெல்லாம் ஊதித் தள்ளிடும். அதுக்குள்ள உருண்டு சேர்ந்தாத்தான் கிரகம்." இப்படி ஒரு மனுஷரை இனி எங்கே தேடுவோம்?

ஆறு வருஷம் முன்னால் சிலி நாட்டு டெலஸ்கோப்பில் ஒரு படம் எடுத்தார். தூசித் தட்டில் கறுப்பாய் ஒரு இடைவெளி, அதற்குள் ஒரு புள்ளி. வளர்கிற கிரகம் என்றார் சார். இல்லை, பின்னால் எங்கோ இருக்கிற வேறு நட்சத்திரம் என்றார்கள் மற்றவர்கள். யார் சொன்னது சரி? ஆறு வருஷம் பொறுத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். புள்ளி சுற்றி நகர்ந்திருந்தால் கிரகம். இல்லாவிட்டால் சார் சொன்னது தப்பு.

அந்தப் படம் வருகிற வியாழக்கிழமை வருகிறது. சார் போன ஞாயிறு போய்விட்டார். பதினோரு நாள்! ஆறு வருஷம் பொறுத்தவர் பதினோரு நாள் பொறுக்கக்கூடாதா, சார்?

படத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்கிறாள், மேடையில் இருக்கும் அவருடைய மாணவி ஜ்யோத்ஸ்னா. ஆஸ்பத்திரியில் சார் அவளிடம் சொன்னதை நானும் கேட்டேன். "புள்ளி நகரலேன்னா நகரலேன்னு கட்டுரையில எழுது. எனக்காக நகர்த்தாதே."

ஜ்யோத்ஸ்னா கண்ணு, வியாழக்கிழமை நானும் மாமியும் வந்து உன் பக்கத்தில் உட்காருவோம். இது இந்தச் சபை அறிய நான் கொடுக்கும் வாக்கு. அந்தப் படத்தில் எது என்ன என்று எனக்குப் புரியாது. நகர்ந்திருந்தாலும் அழுவேன், நகராவிட்டாலும் அழுவேன். நீ உள்ளதை உள்ளபடி எழுது. தப்பு என்று எழுத வேண்டி வந்தாலும், உன் பேருக்கு முன்னால் சார் பேரைப் போடு.