டேனிஷ் பாய் கட்டிய கோட்டை

மந்தைவெளியில் பஸ் நின்றபோது, காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொன்னார்.

“தரங்கம்பாடி போய்ட்டு வந்தோம். அந்த டேனிஷ் பாய் கடலோரத்துல இன்னாமா கோட்டை கட்டிகிறாரு தெரியுமா!”

“எந்த பாய், அக்கா?”

“டேனிஷ் பாய்தான். போர்டுலயே ‘டேனிஷ் கோட்டை’ன்னு போட்டுகீது.”

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“ஐயோ அக்கா, டேனிஷ்னா டென்மார்க் நாட்டுக்காரன். கப்பல்ல வந்து, தஞ்சாவூர் ராஜாகிட்ட எடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கினான். என் பொண்ணு பாடத்துல கீது.”

“கேட்டவொடனே குடுத்துட்டாரா ராஜா?”

“குடுத்துட்டாராம்.”

அம்மாள் கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“எங்கியோ கீறவனுக்குக் கடலோரம். பட்டினப்பாக்கம் கடலோரத்துலயே பொறந்த நம்மள மட்டும் வூட்ட காலி பண்ணிட்டு ஊருக்கு வெளிய நாலாவது மாடிக்குப் போவச் சொல்றாங்க!”

“அதுக்கு இன்னாக்கா பண்றது?”

“டேனிஷ் பாய்க்கு மனு எழுதிக் குடுத்தது யாருன்னு உன் பொண்ண பாடத்துல பாக்கச் சொல்லு. நமக்கும் அவருகிட்டயே எழுதிக்கலாம்.”