முதுகில் எழுதிய பெயர்

அத்திபெலே பஸ் ஆடுகோடி சிக்னலில் நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில், டியூட்டி முடிந்து வீடு திரும்பும் இரண்டு நர்சுகள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“இன்னைக்கு ஸ்டெல்லா பின்னாடியே வார்டு பூரா சுத்தினேன்க்கா.”

“என்னடி பேசறே? அவ கொரோனாவுலயே போயிட்டாளே.”

“தொத்து வியாதி பரவினா என்ன பண்றதுன்னு டிரில் வச்சாங்கல்ல. பிபிஇ கிட் போட்டா மூஞ்சி தெரியாது, முன்னாடி நிக்கறவ முதுகுல நாமதான் பேர் எழுதணும். கொரோனா சமயத்துல எனக்கு முன்னாடி அவதானே நிப்பா? கை அந்தப் பேரையே எழுதிடுச்சு. நின்னது புதுசா வந்த பொண்ணு.”

“அழிச்சிட்டு எழுதறதுக்கென்ன?”

“மார்க்கர்ல எழுதினது எப்படிக்கா அழியும்? அவ போன எடத்துக்கெல்லாம் நானும் போனேன்.”

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தது.

“அப்புறம்?”

“டிரில் முடிஞ்சதும் அந்தப் பேர் எழுதின டிரெஸ்ஸை மஞ்ச கவர்ல போட்டுக் கட்டணுமில்ல. அன்னைக்கு ஸ்டெல்லா பாடியைக் கவர்ல போட்டுக் கட்டறப்ப என்னைக் கிட்டயே விடல. இன்னைக்கு நாந்தாங்க்கா முடிச்சுப் போட்டேன்.”