நல்லகண்ணு ஸாரோட இங்கிலீஷ்

ஒக்காரு தம்பி, நின்னுக்கிட்டே பேசாத. அந்தச் சேரத் தூக்கி இங்கன போடு. அங்கன இருந்தா தறிச் சத்தத்துல நான் பேசுறது ஒனக்குக் கேக்காது. நீ வாசல்ல வரும்போதே தெரிஞ்சிட்டு, நல்லகண்ணு ஸார் மவன்னு. அதே நெத்தி. சண்முகையாதான ஒம் பேரு? எட்டாங்கிளாஸ்ல என்கிட்டதான் படிச்ச. ரீடிங்குன்னு எழுப்பிவிட்டா கணீர்னு வாசிப்ப.

பி.எட். முடிச்சு, நைஜீரியாவுக்கு டீச்சர் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டு, மெட்ராஸ்ல இண்டர்வியூவும் போயிட்டு வந்துட்டியா? எப்ப, மாசியிலயா? கூடப் போன ரெண்டு பேருக்கும் ஆர்டர் வந்துட்டு, ஒனக்கு மட்டும் வரல. ம். நான் அங்க வேலை பாக்கேன், லீவுல வந்திருக்கேன், எனக்கு ஏதாவது தெரியுமான்னு கேக்க வந்திருக்க. சொல்லுதேன். நான் மொதல்ல எப்படிப் போனேன்னு கேட்டுக்கோ, அப்பத்தான் இதுவும் வெளங்கும்.

எமெர்ஜென்சி சமயம். வெளிநாட்டுக்கு இங்கிலீஷ் டீச்சர் வேணும்னு பேப்பர்ல பாத்தேன். எங்கப்பா செத்து ஒரு வருசம், வீட்டுல நானும் தங்கச்சி ஜெயசீலியும் அம்மாவும். நம்ம ஸ்கூல்ல பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் மூணு செக்‌ஷனும் எனக்குத்தான். அது போக ஒங்கப்பா வேற. அவருதான ஹெட்மாஸ்டர். டி.இ.ஓ. ஆபீசுக்கு எழுதுற ஒவ்வொரு கடுதாசியும் எங்கிட்ட வரும். ஞானபூரணம், கொஞ்சம் பாத்துக் குடும்மான்னு நீட்டுவாரு. அடிச்சுத் திருத்திக் குடுப்பேன். அவரு கையெழுத்துப் போட்டு அனுப்பிருவாரு. ஏழு வருசம்.

ஸ்கூல்ல ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடுதாசி வேணும்லா, அதக் கேட்டுப் போய் நின்னேன். ஒடனே போட்டுக் குடுத்தாரு தம்பி. நல்லா இரும்மான்னாரு. நான் அவரு கால்ல விழுந்து கும்பிட்டுட்டு வந்தேன். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, யாரு கால்லயும் விழ மாட்டேன். அன்னைக்கு விழுந்தேன்.

மெட்ராஸ்ல ஒரு ஓட்டல் மாடியில இண்டர்வியூ. நாலு பேரு, அதுல ரெண்டு பேரு நைஜீரியாக்காரங்க. அவங்க பேசுற இங்கிலீஷ் மொதல்ல நம்ம காதுல ஏறாது. ஒனக்கும் அப்படித்தான் இருந்துதா? எனக்குக் கொஞ்ச நேரத்துல பிடிபட்டுட்டு. பாடம் ஒண்ணு நடத்திக் காட்டச் சொன்னாங்க, நடத்தினேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியில ஃபைல்ல இருந்து ஒரு காயிதத்த எடுத்து என் முன்னால வச்சாங்க. இதுக்கு என்ன சொல்லுதீங்கன்னாங்க.

மொட்டைக் கடுதாசி. இந்தப் பொம்பளைக்கு நடத்தை சரியில்ல, டிராயிங் மாஸ்டரோட தொடர்பு, அசிங்கத்த மறைக்கத்தான் நாட்ட விட்டு ஓடப் பாக்கா, அப்படின்னு. நாலு ஆம்பளைங்களுக்கு முன்னால.  நான் ஒண்ணும் பேசல. பேசாததயே பதிலா எடுத்துக்கிட்டாங்க. ரயிலேறி ஊருக்கு வந்து சேந்துட்டேன்.

இல்ல, அப்பவே தெரியும் யாரு எழுதினதுன்னு. டைப் அடிச்சிருந்துது, கையெழுத்து இல்ல. ஆனா நடுவுல ஒரு வரி. ஷி வில் நாட் கோப் அப் வித் த ஒர்க்குன்னு. கோப் வித் தான் ஸார், நடுவுல அப் வராதுன்னு எத்தனை மட்டம் ஒங்கப்பாவுக்குச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நான் அடிப்பேன், அடுத்த கடுதாசியில மறுபடி வந்து நிக்கும். நான் திருத்தாம அவரு எழுதின கடுதாசி அது ஒண்ணுதான்.

ஏன் எழுதினாருன்னா கேக்க? நான் போயிட்டா அவருக்கு யாரு எழுதிக் குடுப்பா? பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டு என்ன ஆகும்? அவ்வளவுதான் தம்பி. பெரிய காரணமெல்லாம் கிடையாது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குள்ள ஊர் பூரா பேச்சாயிட்டு. டிராயிங் மாஸ்டர் மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு. ஜெயசீலிக்குப் புளியங்குடியில பேசி முடிச்சிருந்துது, எலுமிச்சங்காய் கமிஷன் கடை வீடு. ஒப்புத் தாம்பூலத்தத் திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் அமையல. இப்ப ஒனக்குக் கதவத் தொறந்துவிட்டா பாத்தியா, அவதான்.

நான் வேலைய விடல. அவரு ரூமுக்கு முன்னாலதான் தெனமும் நடந்து போனேன். கடுதாசியத் திருத்திக் குடுன்னு வருவாரு, குடுத்தேன். அந்த 'கோப் அப்'ப மட்டும் அடிக்கிறத விட்டுட்டேன்.

ரெண்டு வருசம் கழிச்சு மறுபடி போட்டேன். அதே ஓட்டல், அதே ஃபைல். இந்தத் தடவை அவங்க வாயத் தொறக்கதுக்கு முந்தி நானே சொன்னேன், ஃபைல்ல ஒரு மொட்டைக் கடுதாசி இருக்கும், கொஞ்சம் எடுங்கன்னு. எடுத்தாங்க. செகப்பு மை பேனா கொண்டு போயிருந்தேன். இதுல நாலு தப்பு இருக்கு, பத்தாங்கிளாஸ் பிள்ளைக்குத் திருத்துத மாதிரி திருத்திக் காட்டட்டுமான்னு கேட்டேன். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சரின்னாங்க. நின்னுக்கிட்டே ஒவ்வொண்ணா வட்டம் போட்டு, ஏன் தப்பு, எப்படி எழுதணும்னு சொன்னேன்.  கடைசியில பத்துக்கு ரெண்டு மார்க்கு போட்டு நீட்டினேன். அந்த ஊர்க்காரர் ஒருத்தர், பெரிய ஆளு, சிரிச்சாரு பாரு, வயித்தப் பிடிச்சுக்கிட்டு. மறு மாசம் ஆர்டர் வந்துட்டு.

அதான் நான் போன கதை.

அந்தச் சிரிச்ச மனுசன்தான் இப்ப நைஜீரியாவுல நாங்க இருக்குற பக்கத்துக்குக் கல்வி அதிகாரி. இந்த வருசம் எடுக்கப் போற ஆளுங்க லிஸ்ட்டு அவருகிட்ட வந்துது. இருபத்திரண்டு பேரு. மேடம், ஒங்க ஊர்க்காரங்க யாராவது இருக்காங்களா, பாத்துச் சொல்லுங்கன்னு எங்கிட்ட குடுத்தாரு. பதினாலாவது பேரு ஒன்னுது.

ரெண்டு நாள் அந்தக் காயிதத்த மேசையில வச்சிருந்தேன். பொய் சொல்லல. ஒம் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. நல்ல பையன், என்கிட்ட படிச்சவன், இங்கிலீஷ் சுத்தம், பாடம் நல்லா நடத்துவான், இதெல்லாம் எழுதினேன். அதுக்குக் கீழ, இவன எடுக்க வேண்டாம், காரணம் என் சொந்த விசயம்னு எழுதினேன். அவரு வாசிச்சுட்டு பேரு மேல ஒரு கோடு போட்டுட்டாரு.

எந்திரிக்காத, முடிச்சிருதேன். வேற நாட்டுக்குப் போடு, ஜாம்பியாவுக்கு எடுக்காங்க, ஒனக்குக் கெடைக்கும். அதுக்கு நான் குறுக்க வர மாட்டேன்.

வீட்டுக்குப் போனா ஒங்கப்பா கேப்பாரு, யாரு எழுதிக் கெடுத்தான்னு. ஞானபூரணம்னு சொல்லு. முழுப் பேரு போட்டு, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுத்தான் குடுத்திருக்கேன்.