வெள்ளிக்கிழமைப் பெயர்

— நாப்பது வயசுக்காரன் முழங்காலாம் மாமா! பெல்ஜியம் கிளப்புக்கு ஆள் எடுக்க வந்த அந்த டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொல்றான். நாப்பது!

— கத்தாதே எக்கோ. ஐஸை எடுக்காதே. காலை நீட்டு.

— மீன் நாத்தம் அடிக்குது இந்த ஐஸ்.

— மீன் கிடங்குல வாங்கின ஐஸ் மல்லிகைப்பூ வாசனையா அடிக்கும்? நீட்டு மாப்ள.

— இந்த வருஷம் பத்தொன்பது கோல். அதை எந்தக் காலால அடிச்சேன்? பக்கத்து வீட்டுல கடன் வாங்கின காலாலயா?

— நல்ல கேள்வி. அவன்கிட்ட கேட்டிருக்கணும்.

— கேட்டேனே. 'ஆட்டம் பிரமாதம். ஆனா பத்தொன்பது வயசுப் பையனுக்கு இப்படி ஒரு முழங்காலை நான் பாத்ததில்ல. இருபத்திரண்டு வயசுல நீ நொண்டுவே'ன்னான். முழங்கால் ஸ்கேன் படத்தை உறைக்குள்ள போட்டான். எந்திரிச்சுட்டான்.

— அவன் என்னத்தைக் கண்டான்!

— அவன் கண்டது சரிதான் மாமா. எனக்கு என்ன வயசு? உங்க வாயால சொல்லுங்க.

— மெதுவா. ஜன்னல் திறந்திருக்கு.

— திறந்தே இருக்கட்டும். எனக்கு இருபத்தஞ்சுன்னு இந்த செகொண்டி ஊர் முழுக்கத் தெரியும். மீன் விக்கற பொம்பளைங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் குடுத்த பாதிரியாருக்குத் தெரியும். தெரியாதவங்க ரெண்டே பேரு. கால்பந்து சங்கமும் இந்த டாக்டரும்.

— அதான் நம்ம ஊரோட பெருந்தன்மை. கோல் அடிக்கறவனை யாரும் காட்டிக் குடுக்க மாட்டாங்க. உங்க அம்மாதான் அன்னிக்குக் கெடுக்கப் பாத்தா. நீ கோல் போட்டதும் எந்திரிச்சு 'எக்கோ! எக்கோ!'ன்னு அடித்தொண்டையில கத்தறா. பக்கத்துல அந்த பெல்ஜியம்காரன். 'இவன் பேரு ஃபீஃபின்னீங்களே, யாரு எக்கோ?'ங்கறான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— எங்க பாஷையில அது அல்லேலூயா மாதிரின்னு சொன்னேன்.

— சிரிக்காதீங்க மாமா. எனக்கு இப்ப சிரிப்பு வரல.

— அழுதா முழங்கால் சரியாயிடுமா?

— மூணு வருஷம் முன்னாடி சரியாகியிருக்கும். தார்க்வா மேட்ச்ல நான் விழுந்தேனே, அன்னிக்கு. கிளப் டாக்டர் தொட்டுப் பாத்தாரு. உள்ளே தசைநார் அறுந்திருக்குன்னாரு. என் கிளப் கார்டை எடுத்துப் பாத்தாரு. கார்டுல என்ன வயசு?

— பழசைக் கிளறாதே.

— பதினாறு! நிஜத்துல இருபத்திரண்டு. அவரு என்ன சொன்னாரு? 'பதினாறு வயசு, எலும்பு இன்னும் வளருது. இப்ப துளை போட்டா கால் கோணிக்கும். ரெண்டு வருஷம் போகட்டும், அப்புறம் ஆபரேஷன்.' நான் வாயைத் திறக்கப் போனேன். முதுகுப் பக்கம் என்னைக் கிள்ளினது யாரு?

— மாமா உன் நல்லதுக்குத்தான் கிள்ளினேன்.

— என் எலும்பு வளர்ந்து முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு டாக்டர்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுவாரமே ஆபரேஷன். சொல்லல. வளர்ந்து முடிஞ்ச எலும்பு வளரட்டும்னு ரெண்டு வருஷம், அப்புறம் கோப்பை முடியட்டும்னு ஒரு வருஷம் காத்திருந்தோம்! துணியைச் சுத்திக்கிட்டு, ஊசியைப் போட்டுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை தோறும் ஓடினேன். உள்ளே தேஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

— சொல்லியிருந்தா அன்னிக்கே உன்னைத் தடை பண்ணியிருப்பாங்க. கிளப்போட புள்ளிகளையும் பிடுங்கியிருப்பாங்க. மைதானத்துல இந்த ஊரே உன்னைக் கல்லால அடிச்சிருக்கும். மாமா யோசிக்காம செய்வேனா?

— பத்தொன்பது வயசுல என்னை ஜூனியர் டீம் தேர்வுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. 'வயசு ஜாஸ்தி'ன்னு திருப்பி அனுப்பினாங்க. மறுநாள் காலையில தம்பியோட பொறப்பு சர்ட்டிபிகேட்டை என் கையில திணிச்சீங்க. இனிமே நீ ஃபீஃபி, உனக்குப் பதிமூணு வயசுன்னு. நான் கேட்டேனா?

— வேண்டாம்னும் சொல்லலியே மாப்ள.

— தாய்மாமன் சொல்லி எந்த மருமகன் வேண்டாம்னு சொல்லுவான்? அப்பா ஒரு வார்த்தை கேட்டாரே. என்ன பதில் சொன்னீங்க?

— சரியாத்தான் சொன்னேன். நம்ம வழக்கப்படி பிள்ளைங்க அம்மா வழி, எங்க குடும்பத்து ரத்தம், அத்தான் நீங்க வலையைப் பாருங்கன்னேன். சரி விடு. இப்ப கேளு. மாமா ஒரு வழி வச்சிருக்கேன்.

— உங்க வழியில வந்துதான் இந்த ஐஸ் மேல உக்காந்திருக்கேன்.

— பெல்ஜியம்காரனை ரெண்டு மணி நேரம் பிடிச்சு வச்சுப் பேசினேன். அந்த மெஷின் பழசு, படம் தப்பு, இன்னொரு தடவை எடுப்போம்னேன். பையனைக் கைவிட அவனுக்கும் மனசு இல்ல. சரின்னுட்டான். இன்னிக்கு மூணு மணிக்கு, தாக்கொராடியில வேற ஒரு இடம். அங்கே உன்னை யாருக்கும் தெரியாது. பேரைச் சொல்லணும், கார்டைக் காட்டணும், படுக்கணும். அவ்வளவுதான்.

— நான் படுத்தா எந்த மெஷினும் அதையேதான் சொல்லும்.

— நீ ஏன் படுக்கறே?

— பின்ன?

— ஃபீஃபியோட முழங்காலைத்தானே அவங்க பாக்கணும்? நிஜ ஃபீஃபி படுக்கட்டும். அவனுக்குப் பேரும் ஃபீஃபி, வயசும் பத்தொன்பது. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. ஒரு பொய் கூட இல்ல பாரு இதுல!

— மாமா.

— சொல்லு என் தங்கமே.

— அவன்கிட்ட கேக்க எனக்கு வாய் இல்ல.

— உனக்கு எதுக்கு வாய்? மாமாவுக்கு இருக்கு. பட்டறைக்கு ஆள் அனுப்பியாச்சு. இதோ, வந்துட்டானே! வா ஃபீஃபி, வா. கையைக் கழுவிட்டு வந்திருக்கலாம்ல?

— அவசரம்னு சொன்னாங்க. லாரிக்கு அடியிலேர்ந்து அப்படியே வந்தேன். என்ன அண்ணே, கால் எப்படி?

— பாத்தா தெரியலையா?

— தெரியுது. பேரிங் போச்சு. இது கிரீஸ் போட்டு நிக்கற வண்டி இல்ல.

— நீயும் டாக்டர் ஆயிட்டியா?

— கொக்கோம்பே லாரிப் பட்டறையில மூணு வருஷமா டாக்டர்தான். சொல்லுங்க மாமா. லாரிக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்.

— முதல்ல உக்காரு. சோள மாவுக் கெங்கி சாப்பிடறியா? பொரிச்ச மீன் இருக்கு, மிளகாய் அரைச்சிருக்கு.

— நீங்க கெங்கி குடுத்தா எனக்குப் பயமா இருக்கு. போன தடவை குடுத்தப்ப என் சர்ட்டிபிகேட் போச்சு.

— பாத்தியா, குசும்பு! சின்ன உதவிடா. மூணு மணிக்கு ஒரு மெஷின்ல படுத்து எந்திரிக்கணும். அண்ணனுக்காக.

— அண்ணன் முழங்காலுக்கு நான் ஏன் படுக்கணும்?

— கார்டுல உன் பேருதானே இருக்கு?

— ஓ. இன்னிக்கு அது என் பேரா?

— டேய், ஆரம்பிக்காதே.

— நான் எங்கே அண்ணே ஆரம்பிச்சேன்? மைதானத்துக்குப் பின்னாடிதான் எங்க பட்டறை. ஞாயித்துக்கிழமை லாரிக்கு அடியில கிடப்பேன். எட்டாயிரம் பேரு 'ஃபீஃபி, ஃபீஃபி'ன்னு கத்துவாங்க. முதல் வருஷம் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி இடிச்சுக்கிட்டேன். யாரோ கூப்பிடறாங்கன்னு.

— நான் மட்டும் சந்தோஷமா இருந்தேனா? பொறந்த கிழமைதானே நம்ம பேரு? வியாழக்கிழமை பொறந்த எக்கோ நான். வெள்ளிக்கிழமை பொறந்தவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பணும். ஆறு வருஷம். ஒரு பொண்ணுகிட்ட கூட என் பேரை நான் சொன்னதில்ல.

— நீ கைதட்டலாவது வாங்கினே. எனக்குப் பதினாறு வயசுல பள்ளிக்கூடத்துல பரீட்சைக்குப் பேர் பதியணும், சர்ட்டிபிகேட் கொண்டா, இல்லாட்டி இடம் இல்லன்னாங்க. இதே இடத்துல வந்து நின்னேன். மாமா என்ன சொன்னாரு?

— ஒரு சீசன் பொறுன்னேன். தப்பா?

— ஒரு சீசன்! பரீட்சை முடிஞ்சுது, சீசன் முடியல. போன வருஷம் துறைமுகத்துல ஒரு கப்பல்காரன் என் வேலையைப் பாத்துட்டு, இஞ்சின் அறைக்கு ஆள் வேணும், வர்றியான்னான். பேப்பர் கேட்டான். மறுபடியும் வந்து நின்னேன்.

— கப்பல் வரும், போகும். ஐரோப்பாவுல கோல் அடிக்கற சந்தர்ப்பம் வருமா? உன் அண்ணன் மேல ஏறினா நம்ம எல்லாருக்கும் ஏற்றம்தானே.

— அவன் எந்தக் கால்ல ஏறுவான் மாமா? இந்தக் காலோட அங்கே போய் எப்படி விளையாடுவான்? நான் படுத்து எந்திரிச்சா என் முழங்கால் நல்லாருக்குன்னு படம் வரும். இவனோடது நல்லாயிடுமா?

— நான் சொல்றேன் கேளு. ஃபீஃபி, நீயே கேளு. ஒரு சீசன் முழுக்க வேண்டாம். அஞ்சு மேட்ச். அஞ்சே அஞ்சு. அதுல ஒரு நாள் விழுவேன். விழறதா இருந்தாலும் அங்கே போய் விழணும்டா! அங்கே விழுந்தா, அவங்க மைதானம், அவங்க சட்டை. நாலு பேர் ஓடி வந்து தூக்குவாங்க. அன்னிக்கே ஆபரேஷன். இங்கே விழுந்தா என்ன? மீன் ஐஸ்! துணி! 'வளரட்டும், பொறு!' இந்தக் காலைத் தேய விட்டவங்க எல்லாரும் சொகமா இருக்காங்க. அந்த டாக்டர் கார்ல போறாரு. கிளப்காரன் போன வருஷக் கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கான். அதுல என் மூணு கோல் இருக்கு. ஊசி போட்டுக்கிட்டு அடிச்ச மூணு கோல். என்னை நாப்பது வயசுக்காரன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புவாங்களா? நான் போக மாட்டேன். என் காலுக்கு யாராவது பதில் சொல்லணும்.

— சொல்லணும்தான்.

— என்ன சொல்லணும்தான்? நக்கலா?

— இல்ல அண்ணே. நிஜமாத்தான் சொல்றேன். அதுல நீ சொன்ன ஒரு வார்த்தையும் தப்பு இல்ல.

— அப்ப வா.

— நீ கேளு.

— கேட்டாச்சே. மாமா கேட்டாருல்ல?

— அன்னிக்கும் மாமாதான் கேட்டாரு. நீ ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னே. எனக்குப் பதிமூணு வயசு. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா சந்தோஷமா குடுத்திருப்பேன். நான்தான் உன் பூட்ஸைத் தூக்கிட்டு உன் பின்னாடியே ஓடினவன்.

— ஏய், நேரமாகுது. ஒரு மணி வண்டியைப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும்.

— சும்மா இருங்க மாமா. ஃபீஃபி.

— சொல்லு.

— எனக்காக வா. கேக்கறேன். தம்பின்னு கேக்கறேன். உன் பேரைக் கேக்காம எடுத்தேன். தப்புதான். இந்த ஒரு தடவை.

— சரி.

— சரியா? சரின்னா?

— மெஷின்ல படுக்கறதுல எனக்கு என்ன போச்சு? படுக்கறேன். மூணு மணிக்குத்தானே?

— கடவுளே! என் தங்கமே! நான் சொல்லல எக்கோ? ஒரே ரத்தம்டா, விட்டுக் குடுக்குமா? சட்டையை மாத்திக்கோ, கிரீஸைத் துடை. பேரு கேட்டா?

— ஃபீஃபி க்வான்சா.

— என்ன அழகா வருது பாரு!

— டேய், இங்கே வா. கிட்ட வா. கிரீஸ் ஒட்டினா ஒட்டட்டும். நான் அங்கே போனதும் முதல் வேலையா...

— ஒண்ணும் சொல்லாதே அண்ணே. மாமா, படம் நல்லா வந்துட்டா அடுத்தது என்ன?

— அடுத்தது என்ன, பாஸ்போர்ட்தான். திங்கட்கிழமை காலையில எக்கோவைக் கூட்டிட்டுப் போறேன். போட்டோ எடுப்பாங்க, விரல் வைக்கச் சொல்லுவாங்க. பத்து விரலையும் கண்ணாடி மேல வைக்கணும். வச்சா அதோட அந்தப் பேரு அந்த விரலுக்கு. அப்புறம் யார் வந்து மாத்தினாலும் கம்ப்யூட்டர் கத்தும். ரெண்டு வாரத்துல கையில குடுத்துடுவாங்க.

— அங்கே எவன் விரல் வச்சாலும் அதோட முடிஞ்சுதா?

— முடிஞ்சுது.

— அப்ப திங்கட்கிழமை போகாதீங்க மாமா.

— ஏன்?

— போன புதன்கிழமையே நான் வச்சுட்டேன்.

— என்னத்தை வச்சே?

— பத்து விரலையும். கப்பல்காரன் இந்த மாசக் கடைசியில திரும்பி வர்றான்.

— என்னடா சொல்றே! அப்புறம் எதுக்குடா படுக்கறேன்னே? எதுக்கு என்னைக் கேக்க வச்சே?

— நீ ஒரு தடவையாவது கேப்பியான்னு பாத்தேன் அண்ணே.

— பொய் சொல்றான். பயப்படாதே மாப்ள, இவன் பொய் சொல்றான். சர்ட்டிபிகேட் இல்லாம வாசல்லயே விட மாட்டாங்க. அது என் தகரப் பெட்டியில இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு. இந்த வீட்டுல அந்தப் பெட்டியைத் தொட யாருக்கு தைரியம் வரும்?

— அம்மாவுக்கு வந்துச்சு மாமா. பூட்டை உடைச்சு எடுத்துக் குடுத்துட்டு, அங்கே வந்து எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அம்மாதான்.