ஆறு டிகிரி குறையுது

— போனை வெச்சுடாதீங்க, இருதயராஜ் சார். ரிப்போர்ட்ல இருந்து என் பேரை எடுக்க மாட்டேனுங்க. மூணு மாசமா இந்த கம்ப்யூட்டர் மாடலோட மல்லுக்கட்டினது நானுங்க.

— ஹவ், ஆமா, நீதான். நான் இல்லேன்னேனா? உன் பேரு நக்கோ, ஷர்மிளா. வேண்டாம், அவ்வளவுதான்.

— ஏனுங்க?

— கைக்கு கைக்கு, ஏன் ஏன்னு உயிரை எடுக்காதே. எம்.டி. கேட்டா நான் சொல்லணும். இன்னொரு தடவை சொல்லு.

— எத்தனை தடவைங்க சார்? மருந்து காய்ச்சற ரியாக்டரைச் சுத்திக் குழாயில குளிர்ந்த தண்ணி ஓடுது. சூட்டை வாங்கிட்டு வெளிய வர்றப்ப முப்பத்தெட்டு டிகிரி இருக்கோணும். என் மாடல் அதைத்தான் சொல்லுது. மீட்டர்ல முப்பத்திரண்டுதான் வருது.

— தண்ணி ஜில்லுனு வந்தா நல்லதுதானேம்பாரு.

— அட, இல்லீங்க! தண்ணி வாங்காத சூடு வேற எங்க போகும்? ரியாக்டருக்குள்ளயே தங்கும், ஏறி ஏறி ஒரு நாள் வெடிக்கும். தண்ணி வேகத்தை மாத்திப் பாத்தேன், மீட்டரையே மாத்தச் சொன்னேன். ஒண்ணும் ஒத்து வரலீங்க. குழாய்க்குள்ள உப்பு படிஞ்சிருக்குன்னு வெச்சாத்தான் கணக்கு நிக்குது.

— நீ மாதாப்பூர் ஆபீஸ்ல ஏசியில உக்காந்துக்கிட்டு, பட்டான்செரு பேக்டரி குழாய்க்குள்ள உப்பு இருக்குங்கறே. கண்ணால பாத்தியா?

— திறந்து பாக்க விட்டாத்தானுங்களே! நிறுத்தினா ஒரு பேட்ச் மருந்தே வீணாப் போயிடும்னு மீட்டிங்ல அத்தனை பேரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க சார். இப்ப மட்டும் மாடல் உங்க பேர்ல வேணுமாக்கும்?

— கத்தாதேம்மா. காது வலிக்குது.

— கத்தாம என்னங்க பண்றது? சரி, எடுத்துக்கங்க. மாடல், ரிப்போர்ட், எல்லாத்தையும் உங்க பேர்லயே போட்டுக்கங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்த ரியாக்டரை மட்டும் நிறுத்துங்க சார். ஷிப்ட்டு ஆளுங்க அது பக்கத்துலயேதான் நிக்கறாங்க.

— ஷர்மிளா...

— சுத்தி வளைக்காதீங்க. என் கணக்கை நம்பறீங்களா, இல்லீங்களா?

— காலையிலயே ரியாக்டரை நிறுத்திட்டேன்மா, யாரையும் கேக்கல. பேட்ச் மொத்தமும் போச்சு. குழாயை இப்பத்தான் அறுக்கறாங்க. உள்ள ஒண்ணும் இல்லேன்னா, எம்.டி. ஒருத்தரை வீட்டுக்கு அனுப்புவாரு. ரிப்போர்ட்ல என் பேரு மட்டும் இருந்தா, அது நானாத்தான் இருப்பேன்.